பிளியோமைசினும் நுரையீரலும்: எலி ஆய்வுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் அண்ணனுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் என்றும், ஏ.பி.வி.டி. எனப்படும் நான்கு மருந்துக் கூட்டுச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்றும், அதில் ஒன்றான பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களே எம்.ஃபார்ம் மருந்தியல் படிப்பதால், பிளியோமைசின் கொடுத்த எலிகளின் நுரையீரலை மஞ்சளில் உள்ள குர்குமின் காத்தது, இன்ன மூலிகைச் சாறு காத்தது என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்திருக்கிறீர்கள். அவை நம்பத் தகுந்தவையா, அண்ணனுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா, இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். என் பார்வையில் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எலியின் நுரையீரல் காக்கப்பட்டது என்று ஒரு கட்டுரை சொல்லும்போது, அந்த எலிக்குள் உண்மையில் எது நடந்தது, எது நடக்கவில்லை? நான் விலங்குகளில் நுரையீரல் நச்சியலைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன். புற்றுநோய் மருத்துவர் அல்லன். ஆகவே எலிகளைப் பற்றி விரிவாகவும், உங்கள் அண்ணனைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் எடுத்துச் சென்று பேசத்தக்க அளவிலும் சொல்கிறேன். அவருக்கு எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் போகப்போக விளங்கும்.

பிளியோமைசின் ஜப்பானில் ஹமாவோ உமேசாவாவின் குழு 1960-களில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை மண் நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்த பொருள். அது இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.வின் மேல் அமர்ந்து, அங்கேயே ஆக்சிஜனின் துணையோடு வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் கூறுகளை உண்டாக்கி, டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. புற்றுநோய் செல்லைக் கொல்வதும் இதே வினைதான், நுரையீரல் செல்லைச் சிதைப்பதும் இதே வினைதான். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். உடலின் பெரும்பாலான திசுக்களில் பிளியோமைசின் ஹைட்ரோலேஸ் என்ற நொதி இருந்து மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. நுரையீரலிலும் தோலிலும் அந்த நொதி குறைவு. அதனால்தான் எலும்பு மஜ்ஜையைப் பெரிதும் தாக்காத இந்த மருந்து, நுரையீரலையும் தோலையும் மட்டும் குறிப்பாகத் தாக்குகிறது. நுரையீரல் மற்ற உறுப்புகளைவிட ஆக்சிஜனில் ஊறிக்கிடப்பதும் பாதிப்பைக் கூட்டுகிறது. இதுவரை சொன்னவற்றில் ஐயத்துக்கு இடமில்லை.

இனி எலிக்கு வருவோம். நீங்கள் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிளியோமைசினை மூச்சுக்குழலுக்குள் ஒரே ஒரு தடவை செலுத்தியிருக்கும். மயக்கம் கொடுத்த எலியைச் சாய்தளத்தில் மல்லாக்கக் கிடத்தி, முன்பற்களை ஒரு நூலில் மாட்டி, நாக்கை மெல்ல ஒதுக்கிப் பிடித்து, கழுத்தின் மேல் விழும் விளக்கொளியில் குரல்வளைத் திறப்பு திறந்து மூடுவதைப் பார்த்து, அது திறக்கும் நொடியில் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அளந்த திரவத்தைச் செலுத்த வேண்டும். குழாய் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் திரவம் முழுவதும் ஒரு பக்க நுரையீரலுக்கே போய்விடும். குறைவாக இறங்கினால் எலி இருமி வெளியேற்றிவிடும். ஆக, ஒரே அளவு மருந்து பெற்ற பத்து எலிகளின் நுரையீரல்கள் பத்து விதமாகப் பாதிக்கப்படுவது இந்த முறையின் கூடப்பிறந்த குணம். குழுவுக்கு ஆறு எலி வைத்துக்கொண்டு நட்சத்திரக் குறி போட்டுக் காட்டப்படும் வேறுபாடுகளை நான் தயக்கத்துடன் படிப்பது இதனால்தான். அளவு விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. சில நாடுகளின் குப்பிகளில் யூனிட் என்றும், வேறு சிலவற்றில் சர்வதேச யூனிட் என்றும் அச்சிட்டிருக்கும். முந்தையதில் ஒன்று பிந்தையதில் ஆயிரத்துக்குச் சமம். நம் ஊரில் கிடைக்கும் 15 யூனிட் குப்பியே 15,000 சர்வதேச யூனிட் என்றும் எழுதப்படுகிறது. மில்லிகிராமில் எழுதும் கட்டுரைகளோடு இவற்றை ஒப்பிடும்போது, எந்த அலகு என்று பார்க்காமல் அளவை எடுத்தாள வேண்டாம்.

மருந்து உள்ளே போன பிறகு நடப்பதற்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. முதல் சில நாட்களில் காற்றுநுண்ணறைச் சுவரின் செல்கள் மடிகின்றன, நீர் கசிகிறது, வெள்ளணுக்களில் முதலில் நியூட்ரோஃபில்களும் பின்னர் லிம்ஃபோசைட்டுகளும் வந்து குவிகின்றன. எலியின் எடை சரிகிறது. ஏழாம் நாளுக்குப் பிறகு அழற்சி மெல்லத் தணிய, டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற செய்திப் புரதங்களின் தூண்டுதலில் நார்செல்கள் பெருகிக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டத் தொடங்குகின்றன. பதினான்காம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரை தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ், உச்சத்தில் இருக்கும். அதன்பின் இளம் சுண்டெலிகளில் அது பெருமளவுக்குத் தானாகவே கரையத் தொடங்கிவிடும். வயதான சுண்டெலிகளில் அவ்வளவு எளிதில் கரையாது. மனித நுரையீரலில் உருவாகும் முற்றிய தழும்பு இப்படிக் கரைவதில்லை என்பதால், ஆறாவது வாரத்திலோ எட்டாவது வாரத்திலோ நுரையீரலை எடுத்துப் பார்த்து மருந்து தழும்பைக் கரைத்தது என்று எழுதுபவர்கள், மருந்தே கொடுக்காத எலியில் எவ்வளவு கரைந்தது என்பதையும் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இந்தக் கால ஒழுங்குதான் உங்கள் முதல் கேள்விக்கான திறவுகோல். காக்கும் மருந்தை எந்த நாளில் தொடங்கினார்கள்? பிளியோமைசினுக்கு முன்பே தொடங்கினார்கள் என்றாலோ, அதே நாளில் தொடங்கினார்கள் என்றாலோ, பதினான்காம் நாளில் தழும்பு குறைந்திருப்பதைக் கொண்டு அந்த மருந்து தழும்பைத் தடுத்தது என்று சொல்ல முடியாது. முதல் வார அழற்சி குறைந்ததால் அதன் விளைவான தழும்பும் குறைந்தது என்று மட்டுமே சொல்லலாம். அழற்சியைத் தணிக்கும் எந்தப் பொருளும், சாதாரண ஸ்டீராய்டு உட்பட, இப்படிக் கொடுத்தால் நல்ல பலன் காட்ட வாய்ப்புண்டு. ஏழாம் நாளுக்கோ பத்தாம் நாளுக்கோ பிறகு தொடங்கியும் தழும்பு குறைந்தது என்றால் அது வேறு வகைச் சான்று. அதன் எடை அதிகம். 2008-இல் வெளியான ஒரு மதிப்பாய்வு இதைத் தேடிப் பார்த்தபோது, அதுவரை வந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை என்றும், தாமதித்துத் தொடங்கியவை சொற்பம் என்றும் கண்டது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2017-இல் வெளியிட்ட பணிமனை அறிக்கையும் பிளியோமைசின் மாதிரியை முதல்நிலைச் சோதனைக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மருந்தை அழற்சிக் கட்டம் கடந்த பிறகு தொடங்கிச் சோதிப்பதையே வலியுறுத்தியது.

ஆனால் இந்த விமர்சனத்தை உங்கள் அண்ணனின் நிலைமைக்கு அப்படியே பொருத்திவிடவும் கூடாது. அந்த அறிக்கையும் மதிப்பாய்வும் காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயை, அதாவது ஐ.பி.எஃப்.-ஐ, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த நோயாளி மருத்துவரிடம் வரும்போதே தழும்பு விழுந்திருக்கும். முன்கூட்டியே கொடுப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கீமோ பெறுபவரின் விஷயம் அப்படியில்லை. பாதிக்கும் மருந்து எந்த நாளில், எந்த மணிக்கு ஏறப்போகிறது என்பது நமக்குத் தெரியும். அவருக்கு முன்கூட்டியே ஒரு காப்பு மருந்து கொடுப்பது முழுக்கப் பொருளுள்ள எண்ணம்தான். ஐ.பி.எஃப்.-க்கு மாதிரியாக வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு சோதனையை, மருந்தால் வரும் பாதிப்பைப் பற்றிய கேள்விக்கு அப்படியே பயன்படுத்துவதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் அண்ணனுக்குப் பிளியோமைசின் மூச்சுக்குழல் வழியாகப் போகவில்லை, நரம்பு வழியாகப் போகிறது. ஒரே தடவையில் போகவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகச் சிறிது சிறிதாகப் போகிறது. முதலில் அடிபடுவது இரத்த நாளத்தின் உட்சுவர். பாதிப்பு பெரும்பாலும் நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் வெளிவிளிம்பை ஒட்டியும் தொடங்குகிறது. சுண்டெலிக்குத் தோலடியில் சிறு பம்பு பதித்தோ, நரம்பு வழியாகவோ வயிற்றறை வழியாகவோ பலமுறை கொடுத்தோ செய்தால் இதற்கு நெருக்கமான படம் கிடைக்கும். செலவும் காலமும் கூடுதல் என்பதால் குறைவானவர்களே அதைச் செய்கிறார்கள்.

அடுத்து, காக்கப்பட்டது என்பதை எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கட்டுரைகள் பலவீனப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில். நுண்ணோக்கியில் மாசன் டிரைகுரோம் சாயமிட்ட ஒரு வெட்டைப் பாருங்கள்: ஒரு பார்வைப் புலத்தில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய சுவர்களுடன் காற்றறைகள் திறந்து கிடக்கும், தகட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் எங்கும் கொலாஜனின் நீலம், காற்றுக்கு இடமே இருக்காது. இரண்டும் ஒரே எலி. எந்தப் புலத்தைப் படம் பிடித்துப் போடுகிறோம் என்பதை வைத்து எந்த முடிவையும் காட்டிவிடலாம். அதனால்தான் 1988-இல் வந்த ஆஷ்கிராஃப்ட் மதிப்பெண் முறையில் வெட்டு முழுவதும் வரிசையாகப் புலங்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை மதிப்பெண் கொடுத்துச் சராசரி காண்கிறோம். மதிப்பெண் கொடுப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நுரையீரலை வெளியே எடுத்தவுடன் அது சுருங்கிவிடும். மூச்சுக்குழல் வழியே ஃபார்மலினைச் சீரான அழுத்தத்தில், சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீர்மட்ட உயரத்தில் தொங்கவிட்டு, உப்பவைத்து நிலைப்படுத்தாவிட்டால், நல்ல நுரையீரலின் சுருங்கிய சுவர்களும் தடித்துத் தழும்பேறியவை போலத் தோன்றும். அச்சிட்ட படத்தில் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றறைகள் அகலத் திறந்து வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டுரையின் மதிப்பெண்களை நான் எடுத்துக்கொள்வதில்லை.

கொலாஜனை வேதிமுறையில் அளக்க, அதில் நிறைந்திருக்கும் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் இன்றும் நம்பகமான அளவை. திசுவை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுக்கச் சுட வைத்துச் சிதைத்து, அந்த அமினோ அமிலத்தை நிறத்தால் அளப்பார்கள். இதை முழு நுரையீரலுக்கு இவ்வளவு என்று கூற வேண்டும். ஒரு கிராம் திசுவுக்கு இவ்வளவு என்று கூறினால், நீர்கோத்த நுரையீரலின் எடை கூடியிருப்பதால் செறிவு குறைந்தது போலக் காட்டிப் பாதிப்பை மறைத்துவிடும். எம்.டி.ஏ., குளூட்டாதயோன், எஸ்.ஓ.டி., கேட்டலேஸ் ஆகிய நான்கு ஆக்சிஜனேற்ற அளவைகளை மட்டும் அளந்து முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் நம் நாட்டில் ஏராளம். அவை ஆக்சிஜனேற்ற அழுத்தம் குறைந்ததைக் காட்டுகின்றன என்பதில் தவறில்லை. நுரையீரல் காக்கப்பட்டதற்கு அவை சான்றாகா. எலி எவ்வளவு எளிதாக மூச்சு விட்டது, அதன் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, எடையைத் திரும்பப் பெற்றதா, எத்தனை எலிகள் இறந்தன என்ற தகவல்கள் அவற்றைவிட எனக்கு முக்கியம். இறப்பு எண்ணிக்கையைக் குறிப்பாகத் தேடுங்கள். மோசமாகப் பாதிக்கப்பட்டவை பத்தாம் நாளுக்குள் இறந்துவிட்டால், மீதியிருக்கும் நல்ல நுரையீரல்களை மட்டுமே இருபத்தோராம் நாளில் அளக்கிறோம்; இறப்பு அதிகமான குழு, காக்கப்பட்ட குழு போலத் தோன்றிவிடும்.

இப்போது குர்குமினையே எடுத்துக்கொள்வோம். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான எலி ஆய்வு இத்துறையில் பலரும் மேற்கோள் காட்டுவது. பிளியோமைசின் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே, ஒரு கிலோ உடல் எடைக்கு 300 மில்லிகிராம் குர்குமினை வாய்வழியாகத் தினமும் கொடுத்தார்கள். அழற்சியும் கொலாஜனும் குறைந்தன. அதே குழு பின்னர் இதய மருந்தான அமியோடரோன் உண்டாக்கும் நுரையீரல் பாதிப்பிலும் குர்குமினைச் சோதித்தது. இவற்றை நான் மதிக்கிறேன். எலியில் முன்கூட்டிக் கொடுத்த குர்குமின் அழற்சிக் கட்டத்தைத் தணிக்கிறது என்பது வேறு ஆய்வகங்களிலும் காணப்பட்டதால் அதை உறுதியானவற்றின் பட்டியலில் வைக்கலாம். ஆனால் அந்த அளவை மனிதருக்கு மாற்றிப் பாருங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2005 வழிகாட்டியின்படி எலியின் அளவை 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு ஏறக்குறைய 49 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு சுமார் 3 கிராம் தூய குர்குமின். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், தினமும் 100 கிராம் மஞ்சள்தூள். நம் வீட்டுச் சாம்பாரிலும் ரசத்திலும் விழும் மஞ்சளுக்கும் அந்த எலிக்குக் கொடுத்ததற்கும் தொடர்பே இல்லை. போதாததற்கு, வாய்வழி உட்கொண்ட குர்குமினில் மிகச் சிறு பங்குதான் மாறாத வடிவில் இரத்தத்தைச் சேர்கிறது. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் கல்லீரலைப் பாதித்த நோயாளிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். கீமோ எடுப்பவரின் கல்லீரல் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு என் தயக்கத்தின் முதன்மைக் காரணம் இன்னும் ஆழமானது. புற்றுநோய் செல்லைக் கொல்வதும் நுரையீரலைச் சிதைப்பதும் ஒரே வினை என்று மேலே சொன்னேன். அப்படியானால், இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு தாவரப் பொருளோ, வினைத்திறன் மிக்க ஆக்சிஜனை அணைக்கும் ஒரு பொருளோ எலியின் நுரையீரலைக் காத்தது என்றால், அது நுரையீரலைக் காத்ததா, பிளியோமைசினையே முறித்துப்போட்டதா? கட்டி இல்லாத ஆரோக்கியமான எலியில், இறுதியில் நுரையீரலை மட்டும் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. இரண்டிலும் நுரையீரல் நன்றாகவே இருக்கும். கட்டி வளர்ந்த விலங்கில் பிளியோமைசினையும் காப்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, கட்டி முன்போலவே சுருங்குகிறது, ஆனால் நுரையீரல் பாதிப்பு குறைகிறது என்று காட்டினால்தான் அது பாதுகாப்பு. நான் படித்த மூலிகைக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தக் குழுவே கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிளியோமைசின் வேலை செய்ய இரும்பு ஒடுக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். வைட்டமின் சி போன்ற ஒடுக்கும் பொருட்கள் சோதனைக் குழாயில் அந்த இரும்பை ஒடுக்கி, பிளியோமைசின் டி.என்.ஏ.வை அறுப்பதை அதிகப்படுத்துகின்றன. ஆக, ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பொருள் எந்தத் திசையில் வேலை செய்யும் என்பதைப் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. உயிருள்ள மனித உடலில் எது மேலோங்கும் என்பது இன்னும் ஐயத்துக்குரியதே.

எலியில் கண்ட பலன் மனிதரில் எப்படிப் போனது என்பதற்குச் சில உண்மை வரலாறுகள் இருக்கின்றன. என்-அசிட்டைல்சிஸ்டீன் பிளியோமைசின் விலங்குகளில் நல்ல பலன் காட்டிய பொருள். ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு அதை பிரெட்னிசோன், அசத்தியோபிரின் ஆகிய எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளோடு சேர்த்துப் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். பேந்தர் என்ற அமெரிக்கச் சோதனையில், 2011-இல், அந்த மூன்று மருந்துக் கூட்டைப் பெற்றவர்களில் இறப்பும் மருத்துவமனை அனுமதியும் கூடியதைக் கண்டு அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்தினார்கள். என்-அசிட்டைல்சிஸ்டீன் தனியாகவும் பலனளிக்கவில்லை என்று 2014-இல் தெரிந்தது. சுண்டெலியில் தழும்பைத் தடுத்த இமாட்டினிபும் ஐ.பி.எஃப். நோயாளிகளிடம் தோற்றது. மறுபக்கம், ஹாம்ஸ்டரிலும் சுண்டெலியிலும் பலன் காட்டிய பிர்ஃபெனிடோன் 2008-இல் ஜப்பானிலும், 2014-இல் நின்டெடானிபோடு சேர்ந்து அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்று, தழும்பு வளர்வதை மெதுவாக்கும் மருந்தாக இன்று பயன்படுகிறது. பிளியோமைசின் விலங்கு பொய் சொல்கிறது என்று முடிவுகட்டுவதும் ஆகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதில் தேறாத பொருள் மனிதரில் தேறுவது கடினம். தேறிய பொருட்களிலும் பெரும்பாலானவை பின்னர் உதிர்ந்துவிடுகின்றன.

இதே விலங்குகள் நமக்குச் சொன்ன இன்னொரு செய்தி உங்கள் அண்ணனுக்கு நேரடியாகத் தொடர்புடையது. பிளியோமைசின் பெற்ற ஐந்து நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திணறி இறந்ததை 1978-இல் நியூயார்க்கிலிருந்து பதிவு செய்து, மயக்கத்தின்போது கொடுத்த மிகுந்த ஆக்சிஜன் காரணமாகலாம் என்றார்கள். ஹாம்ஸ்டர்களில் பிளியோமைசினோடு உயர் ஆக்சிஜனையும் சேர்த்தபோது பாதிப்பு பல மடங்கானது. பின்னாளில் வந்த மனித ஆய்வுகளில் சில, ஆக்சிஜனைவிட நரம்பு வழியாக ஏற்றிய திரவத்தின் அளவுதான் காரணம் என்றன. அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் எதிர்காலத்தில் எந்த அறுவைச் சிகிச்சை என்றாலும், சிறியதோ பெரியதோ, தாம் பிளியோமைசின் பெற்றவர் என்பதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லிவையுங்கள். மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியும் வையுங்கள்.

உங்கள் அண்ணனின் நுரையீரலைக் காக்க இன்று கையில் இருக்கும் உறுதியான வழிகள் எவையும் மூலிகையிலிருந்து வந்தவை அல்ல. ஏ.பி.வி.டி.யில் ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 10 யூனிட் வீதம், 28 நாள் சுற்று ஒன்றில் இருமுறை பிளியோமைசின் ஏறும். ஆறு சுற்றும் முழுதாக முடிந்தால் 1.7 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ளவருக்கு மொத்தம் 200 யூனிட்டை ஒட்டி வரும். ஆபத்து செங்குத்தாக உயர்வது 400 யூனிட்டைத் தாண்டும்போது என்றாலும், குறைந்த அளவிலேயே பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. முற்றிய நிலை ஹாட்ஜ்கின் நோயாளிகள் 1,200-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட ராத்தல் என்ற சோதனை 2016-இல் வெளியானது. இரண்டு சுற்றுக்குப் பின் எடுத்த பெட் ஸ்கேனில் நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு பிளியோமைசினை நிறுத்திவிட்டு மற்ற மூன்று மருந்துகளையும் தொடர்ந்தார்கள். மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய 85 விழுக்காடு, நுரையீரல் பாதிப்பு மட்டும் நிறுத்திய பிரிவில் குறைவு. இரண்டாம் சுற்றுக்குப் பின் பெட் ஸ்கேன் எடுக்கப்படுமா, அதன் முடிவைப் பொறுத்து பிளியோமைசினை விட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவருடைய நோயின் நிலையைப் பொறுத்து விடை மாறும். சிறுநீரகம்தான் இந்த மருந்தைப் பெருமளவு வெளியேற்றுவதால் கிரியாட்டினின் அளவைக் கவனிப்பதும், புகைப்பழக்கம் இருந்தால் அடியோடு விடுவதும், கார்பன் மோனாக்சைடு கொண்டு நுரையீரலின் வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் சோதனையை இடையிடையே செய்துகொள்வதும் பயனுள்ளவை. வறட்டு இருமல், மாடிப்படி ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த ஊசிக்கான தேதி வரை பொறுத்திராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பாதிப்பின் தொடக்கத்திலேயே மருந்தை நிறுத்துவதற்கு இணையான காப்பு இதுவரை எதுவும் இல்லை.

கடைசியாக உங்கள் ஆய்வுத் தலைப்பு. எடுக்கலாம், ஆனால் இன்னொரு சாறு, நான்கு ஆன்டிஆக்சிடன்ட் அளவைகள் என்ற அமைப்பில் எடுக்க வேண்டாம். எம்.ஃபார்ம் காலத்துக்குள் அடங்குவதாக ஒன்றைச் சொல்கிறேன். பிளியோமைசினால் அதிகம் பாதிக்கப்படும் சி57பிஎல்/6 சுண்டெலியையே தேர்ந்தெடுங்கள். பால்ப்/சி வகை பெரிதும் தாக்குப்பிடிப்பதால் ஏமாற்றிவிடும். சாற்றுக்குப் பதிலாக வேதியியல் அடையாளம் தெரிந்த ஒரே பொருளை எடுங்கள். ஒரு குழுவுக்கு முன்கூட்டியும், இன்னொரு குழுவுக்குப் பத்தாம் நாளிலிருந்தும் கொடுங்கள். ஒரு சிறு குழுவை மூன்றாம் நாளிலேயே எடுத்து, நுரையீரல் கழுவுநீரில் புரதத்தையும் டி.என்.ஏ. சிதைவையும் அளந்து பாருங்கள்: தொடக்க அடி எல்லாக் குழுவிலும் சமமாக விழுந்து, பின்னால் தழும்பு மட்டும் குறைந்திருந்தால் உங்கள் பொருள் பிளியோமைசினை முறிக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். விலங்கில் கட்டி வளர்க்கும் வசதி துறையில் இல்லையென்றால், ஆய்வகத்தில் வளர்க்கும் லிம்ஃபோமா செல்வரிசை ஒன்றில் அந்தப் பொருளுடனும் அது இல்லாமலும் பிளியோமைசினின் கொல்லும் திறனை ஒப்பிடுவது சில வாரங்களில் முடியும் வேலை. விலங்குகளைத் தொடும் முன்பே அதைச் செய்துவிடுங்கள், அங்கேயே கொல்லும் திறன் குறைந்தால் ஒரு சுண்டெலியைக்கூட வருத்த வேண்டியதில்லை. எந்தச் சுண்டெலி எந்தக் குழுவுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பதையும், இறந்தவை எத்தனை என்பதையும் விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கென 2020-இல் திருத்தி வெளியிடப்பட்ட அரைவ் நெறிமுறைப்படி எழுதுங்கள். எடை எத்தனை விழுக்காடு குறைந்தால் அந்தச் சுண்டெலியைச் சோதனையிலிருந்து விடுவித்து வலியின்றி முடித்துவைப்பீர்கள் என்பதை நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான படிவத்திலேயே குறிப்பிடுங்கள். பிளியோமைசினுக்குப் பின் முதல் பத்து நாளும், விடுமுறை நாளானாலும், யாராவது ஒருவர் தினமும் எடை பார்க்க வரவேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.